ஊட்டுக்காரம்மா உண்ட சோறு

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கடுத்த முகம் வேண்டும். முகம் அமையாவிட்டால் வாயாவது கடுப்பாக இருக்க வேண்டும். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிக்கு இரண்டும் கிடையாது. அந்த அம்மாளுக்குச் சொத்து என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் ஒரு பழைய மில்லின் பின்சுவரை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு பவுண்டரியில் வேலை. கல்யாணமான கையோடு மதுரையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருந்தோம். காம்பவுண்டுக்குள் முன்னால் ஒரு நல்ல வீடு, அதன் முதுகை ஒட்டி எங்களுடைய சின்ன வீடு, மொட்டை மாடியில் சிமெண்ட் சீட் போட்ட ஒற்றை அறை. முன் வீடு மில்லில் மேஸ்திரியாக இருந்த, சொந்தக்கார அம்மாளின் கணவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகளையும் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று அதை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் மாடி அறைக்கு ஏறிவிட்டார். ஆக, அந்தச் சொத்திலேயே மட்டமான இடம் சொத்துக்காரிக்கு. வெயிலில் சீட் கொதிக்கும். மழையில் காது கிழியும். ஏறி இறங்க வெளியே செங்குத்தாக ஓர் இரும்புப் படி. கக்கூஸ் கீழே.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் வீட்டுக்காரம்மா, அந்தப் பக்கத்துப் பேச்சில் ஊட்டுக்காரம்மா.

வீடு பார்க்கப் போன அன்றே எங்களுக்கு அவருடைய குணம் தெரிந்துவிட்டது. பூட்டைத் திறந்துவிட்டு, கும்பிடாத குறையாக நின்றுகொண்டு வீட்டின் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கோடைல தண்ணிக்குச் செரமமுங்க. மழ வந்தா சமையக்கட்டு மூலைல சொட்டுமுங்க. எலி இருக்குதுங்க, பொய் சொல்லக் கூடாது பாருங்க."

என் கணவர் என் காதில், "இந்தம்மா வீடு கொடுக்குதா, நம்மள விரட்டுதா?" என்றார். நான் அந்த நிமிஷமே இந்த வீடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மரியாதை என்றால் சாதாரண மரியாதை இல்லை. இரும்புப் படியின் குறுக்கே படுத்திருக்கும் தெருநாயை அவர் ஒரு நாளும் விரட்டியதில்லை. "கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி" என்பார். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். ஊட்டுக்காரம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவார். குடியிருப்பவர்களிடமும் அவருக்கு இதே கதைதான். ஊர் முழுக்கக் கரண்டு போனாலும் முன் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "ஏனுங்கம்மா, கரண்டு போச்சுங்களே" என்று மாடியைப் பார்த்துக் கேட்பார். ஊட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "போயிருச்சுங்களா, இப்ப வந்துருமுங்க" என்று தானே அணைத்துவிட்டது போலக் குறுகிப் போய்ச் சொல்வார். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் எல்லோரும் குடங்களை நிரப்பிக்கொண்ட பிறகுதான் தன் குடத்தை எடுத்து வருவார். அதற்குள் குழாயில் காற்று வர ஆரம்பித்திருக்கும். செப்டிக் டேங்க் நிறைந்தால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பதும் அவர், வாடை அடிக்கிறது என்று பேச்சு வாங்குவதும் அவர். சாக்கடைக்கும் எலிக்கும் கொசுவுக்கும் அவரே பொறுப்பு.

முன் வீட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸர், அவருடைய மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன் என்று மூன்று பேர். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஆணி அடிக்கிற வியாதி. காலண்டருக்கு ஓர் ஆணி, குடைக்கு ஓர் ஆணி, ஆபீஸ் பைக்கு ஓர் ஆணி. ஒவ்வொரு அடிக்கும் மாடியில் ஊட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். புருஷன் கட்டிய சுவராயிற்றே. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தன் அறையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"அவங்க அம்மிக் கொழவீல அடிக்கறாங்க அம்மிணி. கையில பட்டுட்டா என்ன பண்றதுங்க?"

இப்படிப்பட்டவரிடம் நான் வந்த முதல் வாரமே ஒரு கூத்துச் செய்துவிட்டேன். தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று கேட்கப் பகல் நேரத்தில் மாடிக்குப் போனேன். "வாங்க அம்மிணி, இருங்க, சோறு உண்டுட்டுப் போலாம்" என்றார். எங்களுக்கு அப்போது கேஸ் வந்திருக்கவில்லை, காலையிலிருந்து வெறும் பன்னும் டீயும்தான். நல்ல பசி. "சரிம்மா" என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு கணம் அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சிரித்த முகமாகத் தட்டை வைத்து, சோறும் பருப்பும் ரசமும் போட்டு, போதும் போதும் என்னும்வரை உபசரித்தார்.

மறுநாள் முன் வீட்டு அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஆபீஸரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, நெசமாலுமே உக்காந்துட்டீங்களா? இங்கெல்லாம் வூட்டுக்கு வந்தவங்கள உண்ணச் சொல்லாம அனுப்ப மாட்டாங்க. ஆனா வந்தவங்க, 'இருக்கட்டுங்க, இப்பத்தான் ஆச்சுங்க'ன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சரோணும். அதுதான் மரியாதீங்க. அந்தம்மா ஒருத்திக்கு வடிச்ச சோறு, பாவம்."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. தனக்கு வடித்த சோறு முழுவதையும் எனக்குப் போட்டுவிட்டு, தான் எப்போதோ சாப்பிட்டாயிற்று என்று அந்த அம்மாள் சாதித்திருக்கிறார். அதன் பிறகு யார் என்ன கொடுத்தாலும் நானும் "இருக்கட்டுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்த அக்கா சொல்லிக் கொடுத்த பாடம் அவர் தலையிலேயே வந்து விடியும் என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாங்கள் குடிவந்த மறுவருஷம் ஆனி மாதக் கடைசியில் வால்பாறையிலிருந்து நல்ல சேதி வந்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள். ஊட்டுக்காரம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். கார்த்திகையில் ஏழாம் மாதம், சீர் செய்து அழைத்து வந்துவிட வேண்டும். எல்லாம் சரி, அழைத்து வந்து எங்கே வைப்பது? வயிற்றுப் பிள்ளைக்காரி அந்த இரும்புப் படியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவாள்? முன் வீடு காலியானால்தான் உண்டு.

முன் வீட்டுக்காரரிடம் சொல்லப் போனார். எப்படிச் சொன்னாரோ தெரியாது, பதில் மட்டும் தெளிவாக வந்தது. "பொறக்கப் போறது ஆடிங்களே. ஆடில யாருங்க ஊடு மாறுவாங்க?" நியாயம்தான் என்று வந்துவிட்டார். ஆவணியில் கேட்டபோது பையனுக்குக் காலாண்டுப் பரீட்சை. புரட்டாசியில் பால் காய்ச்சக் கூடாது. ஐப்பசியில் தீபாவளி, அது முடிந்தால் அடைமழை. கார்த்திகையையும் விட்டுவிட்டால் பிறகு மார்கழி, அந்த மாதத்தில் ஒரு பாயைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் இறங்கிப் போவார், முன் வீட்டு அக்கா "உண்டுட்டுப் போங்கம்மா" என்பார், இவர் "இருக்கட்டுங்க" என்று எழுந்து வந்துவிடுவார். போன காரியம் அங்கேயே படுத்திருக்கும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "நான் போய்ச் சொல்லட்டுமாம்மா? ரெண்டே வார்த்தை. காலி பண்ணுங்க. அவ்வளவுதானே?"

"ஐயோ, வேண்டாமுங்க அம்மிணி. ஒரு குடும்பத்தப் பாத்து எந்திரிச்சுப் போங்கன்னு எப்படீங்க சொல்றது? நாக்கு அழுகிப் போயிருமுங்க."

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்த என் கணவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஊட்டுக்காரம்மா இரும்புப் படியின் கீழ்ப்படியில், நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுதிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மருமகனின் அம்மா பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். கோபமாக ஒரு சொல் இல்லை. "உங்களுக்கு எடஞ்செரமம்னா சொல்லுங்க, புள்ளைய நாங்களே இங்க வெச்சுப் பாத்துக்கறமுங்க" என்றிருக்கிறார்.

"மலை மேல, ஆஸ்பத்திரிக்கு எறங்கோணும்னா அத்தன வளைவு சுத்தோணுமுங்க" என்றார் ஊட்டுக்காரம்மா. "அவங்கப்பா கட்டுன ஊடு. அதுல அவளுக்கு ஒரு கட்டில் போட எடமில்லீங்க. நானெல்லாம் என்ன ஊட்டுக்காரி?"

அவர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மிணி, வந்த புதுசுல எங்க ஊட்டுல உக்காந்து உண்டீங்களே. அப்ப உங்களுக்குக் கூச்சமாவே இல்லீங்களா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "தெரியாதும்மா. நீங்க சாப்பிடச் சொன்னீங்க. எனக்குப் பசி. உக்காந்துட்டேன்."

"நாஞ் சொன்னேன், நீங்க உக்காந்துட்டீங்க" என்று அவர் மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, நாயைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை. முன் வீட்டு அடுக்களை ஜன்னலும் என் அடுக்களை ஜன்னலும் எதிரெதிரே இருக்கும். அங்கே பேசுவது இங்கே கேட்கும். ஊட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்தது தெரிந்தது. தோசைக் கல் சீறியது.

"வாங்கம்மா. ஒரு தோசை சாப்புடுங்க" என்றார் அந்த அக்கா, வழக்கம் போல.

"செரீங்க" என்றார் ஊட்டுக்காரம்மா.

தோசைக் கரண்டியின் சத்தம் நின்றுவிட்டது. நான் கையிலிருந்த தேங்காய் மூடியோடு அப்படியே நின்றேன். பிறகு ஒரு தட்டு வைக்கும் சத்தம். "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்ற கேள்வி. "வெய்யுங்க" என்ற பதில்.

பகலில் மறுபடி போனார். "சோறு உண்டுட்டுப் போலாங்களே." "ஆகட்டுங்க." சாயங்காலம் காபிக்குப் போனார். காலி செய்வது பற்றி மூச்சு விடவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்றார், பொரியலுக்கு இன்னும் ஒரு கை தேங்காய் போடலாம் என்றார், ஆபீஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். அவர் பனியனோடு விறைத்துப் போய் உட்கார்ந்திருந்ததாகப் பையன் என்னிடம் வந்து சொன்னான்.

நான் குதித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஊட்டுக்காரம்மா பாயில் சுருண்டு கிடந்தார்.

"தொண்டைல நிக்குது அம்மிணி. ஒரு நாளும் வெறுங்கையோட ஒருத்தர் ஊட்டுக்குப் போனதில்லீங்க நானு. அவங்க மொகத்தப் பாக்க முடியலீங்க."

"நாளைக்குப் போவீங்களா, மாட்டீங்களா?"

"போறனுங்க" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனார். அடுத்த நாளும் போனார். அவர்கள் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் போதும். ஆனால் அவர்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே. வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் வாய் தானாக "வாங்க, சாப்புடலாம்" என்றுவிடும். அந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்த ஒரு நாள், ஆபீஸர் பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்து, "அம்மாவுக்கு எலை போட்டியா?" என்று கேட்டுவிட்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அந்த அக்கா உடைந்துவிட்டார். சோற்றைப் போட்டுக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். துடியலூர்ப் பக்கம் அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கட்டி முடித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தக் குடித்தனக்காரர் காலி செய்ய மாட்டேன் என்கிறார். இல்லை, மாட்டேன் என்றுகூடச் சொல்வதில்லை. ஆடி என்கிறார், பரீட்சை என்கிறார், புரட்டாசி என்கிறார். அங்கே கேட்ட சாக்குகளைத்தான் இவர்கள் இங்கே கொண்டுவந்து சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸரும் போய்ப் போய் நின்றுவிட்டுத் திரும்பிவந்திருக்கிறார்.

"வெளிய சொன்னா கேவலமுங்கம்மா. சொந்த ஊட்டுக்குள்ள போகத் துப்பில்லாதவங்கன்னு பேசுவாங்க."

ஊட்டுக்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு கேட்டார். "அவங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"பொள்ளாச்சிப் பக்கமுங்க."

"அப்ப நம்மாளுங்கதான். கட்டாயம் உண்ணச் சொல்லுவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்குகிற மாதிரி டவுன் பஸ் பிடித்தோம். ஆபீஸர் குடும்பம், நான், என் கணவர், தலைமை தாங்கி ஊட்டுக்காரம்மா. அவ்வளவு பேரையும் வாசலில் பார்த்த துடியலூர்க் குடித்தனக்காரருக்கு முகம் வெளுத்தது. வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது.

"வாங்க, வாங்க. எல்லாரும் உண்டுட்டுப் போலாம்."

"இருக்கட்டுங்க, இப்பத்தான்..." என்று ஆபீஸரும் மனைவியும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். அத்தனையும் பாழாகியிருக்கும். ஊட்டுக்காரம்மா குறுக்கே புகுந்தார்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க எலையப் போடுங்க."

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். மரியாதையில் ஒரு பொட்டுக் குறையவில்லை, ஆனால் அந்த வீட்டு அம்மாள் இலை வெட்டக் கொல்லைக்கு ஓடினார். மதுரைக்காரி என்ற முறையில் நான் கூச்சமே இல்லாமல் இரண்டு தரம் சாம்பார் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறு கிளம்பிக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். வேறு வீடு பார்த்தாயிற்று, கார்த்திகை பதினைந்தாம் தேதி சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். "உக்காருங்க, உண்டுட்டுப் போலாம்" என்று ஊட்டுக்காரம்மா மனதாரச் சொன்னார். அவர் தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபீஸர் குடும்பம் கார்த்திகையிலேயே நல்ல நாள் பார்த்துத் தங்கள் வீட்டில் பால் காய்ச்சியது. சாமான் வண்டி கிளம்பும்போது அந்த அக்கா ஊட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு வந்து எங்கூட்டுல உண்டுட்டுப் போகோணுமுங்கம்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"வராமயா போயிருவேன்?" என்றார் ஊட்டுக்காரம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள். என்னால்தான் நிறுத்த முடியவில்லை.

காலியான வீட்டில் சுவரெல்லாம் ஆணி. பார்த்து மனசு உடைந்து போவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இது புள்ளையோட துணிப் பைக்கு, இது மருந்துப் பைக்கு, இது கிலுகிலுப்பைக்கு என்று ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார். ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை.

ஏழாம் மாதச் சீர் முடிந்து, வால்பாறையிலிருந்து மகள் காரில் வந்து இறங்கினாள். நல்ல மழை. இரும்புப் படி வழுவழுவென்று நனைந்து கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து நேராகத் தன் அப்பா கட்டிய வீட்டுக்குள் நடந்து போனாள். வாசலில் ஊட்டுக்காரம்மா நின்றார். நெற்றியில் திருநீறு, கையில், யார் என்ன சொன்னாலும் சரி என்று தானே எடுத்துக்கொண்ட ஆரத்தித் தட்டு. அந்தச் சந்தில் அன்றைக்கு அவரை மிஞ்சின ராணி யாரும் கிடையாது.

உள்ளே கட்டில் போட்டிருந்தது. சொந்தக்காரர்களெல்லாம் பந்திக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நான் மகளைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினேன்.

"எங்க கெளம்பீட்டீங்க அம்மிணி? உண்டுட்டுப் போங்க."

"இருக்கட்டுங்கம்மா, இப்பத்தான் ஆச்சுங்க" என்றேன். அத்தனை நாள் பழக்கம், நாக்கில் தானாக வந்துவிட்டது.

ஊட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"எங்கூருப் பழக்கமெல்லாம் நீங்க பழகாதீங்க அம்மிணி. உக்காருங்க."